கோலோ முடிந்தபின் ஒரு பிரெஞ்சு வீட்டின் சாப்பாட்டு மேசையில்

பிரான்சில் கோடை விடுமுறை முகாமை யாரும் முழுப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'கோலோ' என்றால் எல்லாருக்கும் புரியும். ஜூலையிலோ ஆகஸ்டிலோ இரண்டு மூன்று வாரம் அங்கே அனிமத்தராக, அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவராக, வேலை செய்தவருக்குக் கடைசி நாளில் சம்பளத்தோடு பெரும்பாலும் ஓர் அழைப்பும் கிடைக்கும்: "ஊருக்குப் போகிறதுக்கு முன்னாடி எங்க வீட்டுல நாலு நாள் இருந்துட்டுப் போயேன்." நாளும் ரயில் நேரமும் கேட்டார்கள் என்றால் அது வாய்வார்த்தை இல்லை. தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். கோலோவில் பழகிய சாப்பாட்டு வேகத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். இங்கே சொல்வதெல்லாம் அந்த வேகத்தைப் பற்றித்தான்.

கோலோவில் காலை உணவு, மதிய உணவு, நாலு மணிக்கு 'கூத்தே', இரவு உணவு என்று நான்கு வேளையும் மணியடித்தாற்போல் வரும். கூத்தே என்பது பெரும்பாலும் ஒரு துண்டு ரொட்டியும் அதற்குள் செருகிய சாக்லேட் பட்டையும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு ஒரு அனிமத்தர் என்பது கணக்கு. சின்னவனுக்கு இறைச்சியை நறுக்கித் தர வேண்டும், தண்ணீர்க் குடுவையை நிரப்ப வேண்டும், டம்ளருக்கு அடியில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து "எனக்கு வயசு 42" என்று கத்தும் பிள்ளைகளை அடக்க வேண்டும். (அது அச்சுவார்ப்பின் எண். பிரான்சில் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் வளர்ந்த எல்லாருக்கும் அந்த விளையாட்டு தெரியும்.) இடையில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கப் பழகிவிடுவோம்.

பிள்ளைகள் தூங்கியபின் ஐந்தாவது வேளை ஒன்று உண்டு. அதன் பெயரே 'சாங்கியெம்', ஐந்தாவது என்று பொருள். மறுநாள் வேலையைப் பேசி முடித்தபின், மிஞ்சிய ரொட்டி, பாலாடைக்கட்டி, யாரோ வாங்கிவந்த பிஸ்கட் எல்லாம் மேசைக்கு வரும். பிரெஞ்சு விருந்தோம்பலின் சின்ன வடிவம் இதுதான்: கொஞ்சம் சாப்பாடு, நிறையப் பேச்சு, எழுந்துபோக யாருக்கும் அவசரமில்லை. வீட்டு அழைப்புகளும் அநேகமாக இந்த மேசையில்தான் பிறக்கின்றன.

அழைப்பை ஏற்கும்போதே உணவு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், மேசையில் உட்கார்ந்தபின் சொல்லாதீர்கள். வீட்டுக்காரர் இரண்டு நாள் முன்பே சந்தையில் வாங்கத் தொடங்கிவிடுவார். "நான் சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. சைவம் என்றால் மீன் சரிதானே என்று நினைப்பவர்கள் உண்டு, பொடியாக வெட்டிய பன்றி இறைச்சியான 'லார்தோன்' வெறும் ருசிக்குத்தானே என்று நினைப்பவர்களும் உண்டு. "இறைச்சி, மீன், இறைச்சி வேகவைத்த சாறு மூன்றும் வேண்டாம். முட்டை, பால் சரி" என்று பட்டியலாகச் சொல்லுங்கள். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாற்றில்தான் செய்யப்படும். முட்டையும் பாலேடும் ஊற்றிச் சுட்ட கீஷ் லோரேனில் லார்தோன் இருக்கும், உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட தார்த்திஃப்ளெத்திலும் இருக்கும். ஆலிவ் விழுதான தாப்பனாதில் நெத்திலி போன்ற சிறுமீன் சேரும். சில குளிர்ந்த இனிப்புகளை உறையவைப்பது ஜெலட்டின். காய்கறிக் கூட்டான ரத்ததூய், பாலேட்டில் சுட்ட உருளைக்கிழங்கான க்ராத்தேன் தோஃபினுவா, நீஸ் நகரத்துக் கடலைமாவு அடையான 'சோக்கா' ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. கண்டிப்பான சைவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோந்தே, ரோக்ஃபோர், நார்மண்டிக் கமாம்பேர் போன்ற பெயர்பெற்ற பாலாடைக்கட்டிகள் கன்று போன்ற இளம் விலங்குகளின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறையவைக்கப்படுகின்றன. இது பிரச்சினை என்றால் முன்பே சொல்லுங்கள். பாலாடைக்கட்டித் தட்டை நீங்கள் தொடாமல் தாண்டினால் வீட்டுக்காரர் மனம் சுருங்கும்.

கையில் என்ன கொண்டுபோவது? முகாம் நடந்த பகுதியின் பொருளைவிடச் சிறந்த பரிசு இல்லை. ஜூரா மலையில் வேலை என்றால் அரைக் கிலோ கோந்தே, சவோயாவில் என்றால் போஃபோர் பாலாடைக்கட்டி, பிரித்தானியில் என்றால் உப்பு வெண்ணெய் போட்ட பிஸ்கட், ஆர்தேஷில் என்றால் செஸ்ட்நட் விழுது. கோந்தே வாங்கும்போது எத்தனை மாதம் பழுத்தது என்று கேளுங்கள். குறைந்தது நான்கு மாதம் பழுத்த பிறகே அது விற்பனைக்கு வரும், பன்னிரண்டு மாதத்தைச் சுற்றியது எல்லாருக்கும் பிடிக்கும். பூங்கொத்து என்றால் செவ்வந்தி வேண்டாம், அது நவம்பரில் கல்லறைக்குக் கொண்டுபோகும் பூ. வைன் கொடுத்தால் அன்றைக்கே திறக்கவில்லையே என்று வருந்தாதீர்கள், அன்றைய சமையலுக்குப் பொருந்தும் வைனை அவர்கள் முன்பே எடுத்து வைத்திருப்பார்கள்.

தங்கப் போகிறீர்கள் என்றால் ரயில் வரும் நேரத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். இரவு உணவுக்கு மட்டும் அழைத்திருந்தால் குறித்த நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் போவதே மரியாதை. முன்னால் போய் நின்றால், சமைத்துக்கொண்டிருப்பவருக்கு முகம் கழுவக்கூட நேரமில்லாமல் போய்விடும். கோலோவில் எல்லாரும் எல்லாரையும் 'த்யு' என்று ஒருமையில்தான் பேசுவார்கள். நண்பரின் அப்பா அம்மாவிடம் 'வூ' என்று தொடங்குங்கள். "ஒருமையிலேயே பேசலாமே" என்று அவர்கள் சொல்லும்வரை அதை விடாதீர்கள்.

முதல் சறுக்கல் அப்பேரோவில். சாப்பாட்டுக்கு முன் குடிக்கவும் கொறிக்கவும் வரும் நேரம் அது. ஆலிவ், சிப்ஸ், வெண்ணெய் தொட்டுத் தின்னும் சமைக்காத முள்ளங்கி, முலாம்பழத் துண்டு என்று சின்னத் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் நீளும், கோடையில் அதற்கு மேலும் போகும். பசியோடு வந்தவர் இதுதான் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு வயிற்றை நிரப்பிவிடுகிறார். அப்புறம் வரும் ஐந்து சுற்றும் வேதனைதான். இங்கே நாலைந்து வாய், அதோடு நிறுத்துங்கள். எல்லார் கோப்பையும் நிரம்பும்வரை குடிக்கக் கூடாது. கோப்பையை மோதும்போது எதிரிலிருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும், அடுத்தவர் கைக்குக் குறுக்கே நீட்டக் கூடாது. மது குடிக்காதவர் "நான் மது குடிப்பதில்லை" என்று சொன்னால் போதும், காரணம் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காக எப்போதும் வீட்டில் இருக்கும் மாதுளை அல்லது புதினா சிரப்பைத் தண்ணீரில் கலந்து கேளுங்கள், மகிழ்ச்சியாகத் தருவார்கள்.

"ஆ தாப்ள்!" என்று குரல் வந்தால் சாப்பாடு தயார் என்று பொருள். செல்பேசியை வைத்துவிட்டு உடனே எழுங்கள். உட்காரும் இடத்தை அவர்கள் காட்டுவார்கள். இரண்டு மணிக்கட்டும் மேசைமேல் தெரிய வேண்டும், மடியில் கையை ஒளிக்கக் கூடாது. ரொட்டிக்குத் தனித்தட்டு இருக்காது, தட்டுக்குப் பக்கத்தில் மேசை விரிப்பின்மேலேயே வையுங்கள், தலைகீழாக மட்டும் வைக்காதீர்கள். கடித்துத் தின்னாமல் ஒரு வாய்க்கு வேண்டியதைப் பிய்த்துத் தின்ன வேண்டும். ரொட்டி இரண்டாவது சறுக்கல்: முதல் சுற்று வருமுன் நீள ரொட்டியான பகேத்தில் பாதி உள்ளே போயிருக்கும். ரொட்டியின் வேலை குழம்பைத் தொட்டுத் துடைப்பதும் பாலாடைக்கட்டிக்குத் துணை நிற்பதும்தான்.

சுற்றுகளின் வரிசை மாறாது. முதலில் ஆந்த்ரே, கோடையில் தக்காளியோ முலாம்பழமோ. பிறகு முக்கிய உணவு. அதன்பின் எண்ணெயும் வினிகரும் கலந்த வினெக்ரெத் விட்ட, சமைக்காத இலைக் கீரை. பிறகு பாலாடைக்கட்டி, கடைசியில் இனிப்பு, காப்பி. 2010-இல் யுனெஸ்கோ 'பிரெஞ்சுக்காரர்களின் விருந்துச் சாப்பாடு' என்பதை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எந்த ஒரு பண்டத்தையும் அது சேர்க்கவில்லை. சேர்த்தது ஒன்றுகூடி, வரிசையாக, நேரம் எடுத்துச் சாப்பிடும் வழக்கத்தை. மேசையில் உட்கார்ந்தால் அதன் பொருள் விளங்கும். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தவர்கள் நாலு மணிக்குத்தான் எழுவார்கள்.

முக்கிய உணவு பெரிய பாத்திரத்தில் கைமாறி வரும். முதல் முறை குறைவாக எடுங்கள். அது இரண்டாவது முறையும் வரும், அப்போது நீங்கள் மறுபடி எடுப்பதுதான் சமைத்தவருக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு. எடுத்ததை மிச்சம் வைக்காதீர்கள். உப்பு, மிளகைத் தேடுமுன் ஒரு வாய் ருசித்துவிடுங்கள். காரம் போதவில்லை என்று பையிலிருக்கும் ஊறுகாயை எடுத்து வைப்பது சமைத்தவரைக் குறை சொன்னதாகும். தீஜோன் கடுகுவிழுது இருந்தால் கேட்கலாம், அது மூக்கில் ஏறும். பாஸ்க் பகுதியின் எஸ்பெலெத் மிளகாய் மணம் மிக்கது, ஆனால் நம் நாக்குக்குச் சாதுவானது. இலைக் கீரையைக் கத்தியால் வெட்டாதீர்கள், முள்கரண்டியால் மடித்து வாயில் போடுங்கள்.

ஒரு சொல் நிறையப் பேரைப் பட்டினி போட்டிருக்கிறது: 'மெர்சி'. "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்கும்போது வெறுமனே "மெர்சி" என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு பாத்திரம் நகர்ந்துவிடும். வேண்டுமென்றால் "வொலோந்தியே" அல்லது "அவெக் ப்ளெஸிர்" என்று சொல்லுங்கள். வேண்டாமென்றால் "நோன் மெர்சி, செத்தே தெலிஸியூ", நன்றாக இருந்தது, போதும் என்று பொருள். வயிறு நிரம்பிவிட்டது என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி "பிளேன்" என்று சொல்லாதீர்கள், குடிபோதைக்கும் சினையான விலங்குக்கும் அந்தச் சொல் வரும். உணவைக் கெடாமல் காக்கும் வேதிப்பொருளைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் 'கோன்சர்வத்தேர்' என்பதே சொல். 'ப்ரெசர்வத்தீஃப்' என்றால் ஆணுறை.

பாலாடைக்கட்டித் தட்டு தனிப் பாடம். குளிர்பெட்டியிலிருந்து அதை ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வைத்திருப்பார்கள், குளிரில் மணம் அடங்கிக் கிடக்கும். தட்டு ஒரே ஒரு முறைதான் சுற்றும். இரண்டாவது தடவை கேட்டால் முன்னால் வந்த சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாகும். இரண்டு மூன்று வகையில் விரல் அளவு எடுத்தால் சரி.

வெட்டுவதில் ஒரே நியாயம்தான்: நடுப்பகுதியும் ஓரமும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். வட்டமான கமாம்பேரை நடுவிலிருந்து முக்கோணமாக வெட்டுங்கள். முக்கோணத் துண்டாக வந்த ப்ரீயின் கூர்முனையை வெட்டி எடுப்பது பெரிய குற்றம். நடுப்பகுதிதான் கடைசியாகப் பழுக்கும், ருசியும் அங்கே வேறு. அதை ஒருவரே எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு ஓரத் தோல்தான் மிச்சம். நீளவாக்கில் பக்கத்தை ஒட்டிச் சீவி எடுங்கள். ரோக்ஃபோரில் நீலப் பூஞ்சை நடுவில் அதிகமாக இருக்கும், அதனால் ஒல்லியான முனையின் நடுவிலிருந்து விசிறிபோல் சாய்த்து வெட்ட வேண்டும். உருளையான ஆட்டுப்பால் கட்டியை வில்லையாக நறுக்கலாம். எது மென்மையோ அதில் தொடங்கி ரோக்ஃபோரில் முடியுங்கள். தலைகீழாகப் போனால் மற்றதெல்லாம் சப்பென்று இருக்கும்.

காலை உணவு இதற்கு நேர்மாறு, எந்தச் சடங்கும் இல்லை. கைப்பிடியில்லாத பெரிய கிண்ணத்தில் காப்பியோ சாக்லேட்டோ, நேற்றைய ரொட்டியை வாட்டி வெண்ணெயும் ஜாமும் தடவிய 'தார்த்தின்'. அதைக் கிண்ணத்தில் முக்கித் தின்பதில் வெட்கமில்லை, எல்லாரும் அப்படித்தான். தட்டு இருக்காது, துகள் மேசையில் விழும், கடைசியில் துடைத்துக்கொள்ளலாம்.

ரொட்டி வாங்கிவரும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், விருந்தாளிக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. கடைக்குள் நுழைந்ததும் முதல் சொல் "போன்ஜூர்". அதைச் சொல்லாமல் பொருளைக் கேட்டால் முகம் மாறும். பிறகு "யூன் திரதிஸியோன், சில் வூ ப்ளே". 1993-ஆம் ஆண்டு ஆணைப்படி 'திரதிஸியோன்' என்ற பெயரில் விற்கும் ரொட்டியின் மாவை உறையவைக்கக் கூடாது, செயற்கைச் சேர்க்கைப் பொருள் எதுவும் போடக் கூடாது. அதனால் சீக்கிரமே காய்ந்துவிடும், அந்தந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் கடை மூடியிருக்கும், ஆகஸ்டில் சில கடைகள் வாரக்கணக்கிலும் மூடும். எது திறந்திருக்கிறது என்று வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள்.

சந்தைக்குக் கூட்டிப்போனால் பழத்தை நீங்களே அழுத்திப் பார்க்காதீர்கள். முலாம்பழம் கேட்டால் கடைக்காரர் "இன்றைக்கா, நாளைக்கா?" என்று கேட்பார். எந்த வேளைக்கு என்று சொன்னால் அதற்கேற்ற அளவு பழுத்ததாக எடுத்துத் தருவார். கமாம்பேர் வாங்கும்போதும் இதே கேள்வி. பிரெஞ்சு உணவுமேல் எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி இந்த ஒரு கேள்வியால்தான்.

மூன்று நாளுக்கு மேல் தங்கினால் ஒரு வேளை நீங்கள் சமையுங்கள். அதற்கு முன் "வினெக்ரெத் நீ கலக்கிறாயா?" என்ற சின்னத் தேர்வு வரலாம். ஒரு கரண்டி வினிகரில் முதலில் உப்பைக் கரையுங்கள், எண்ணெய் விட்டபின் உப்பு கரையாது. பிறகு ஒரு தேக்கரண்டி தீஜோன் கடுகுவிழுது. அதன்பின் மூன்று கரண்டி எண்ணெயை மெல்லிய தாரையாக விட்டு அடியுங்கள். கடுகுவிழுதுதான் எண்ணெயையும் வினிகரையும் பிடித்துவைக்கிறது, எண்ணெயை ஒரேயடியாகக் கொட்டினால் பிரிந்துவிடும். கீரையில் மேசைக்கு வருமுன்தான் கலக்க வேண்டும், கால் மணி நேரம் ஊறினால் துவண்டுபோகும்.

முழுச் சாப்பாட்டுக்குப் பருப்பும் சோறும் நல்ல தேர்வு, எல்லாப் பொருளும் சாதாரண சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். மைசூர்ப் பருப்பை அங்கே பவழப் பருப்பு என்ற பொருளில் 'லாந்தீ கொராய்' என்பார்கள். ஆறு பேருக்கு 400 கிராம் பருப்பு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி மஞ்சள். இருபது நிமிடத்தில் குழைந்துவிடும், உப்பும் 200 மில்லி தேங்காய்ப் பாலும் சேர்த்து ஒரு கொதி. பாஸ்மதி அரிசியும் 400 கிராம் போதும், நம் கணக்கில் போட்டால் பாதி மிஞ்சும். மிளகாய் ஒன்றே ஒன்று, கீறாமல் முழுதாகப் போட்டுக் கடைசியில் எடுத்துவிடுங்கள். காரம் வேண்டுபவர்களுக்கு நறுக்கிய மிளகாயைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தவறு நடப்பது தாளிப்பில். 2015 மார்ச்சிலிருந்து பிரான்சில் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். காய்ந்த எண்ணெயின் புகையில் அது அலறும். சன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியை ஓடவிட்டு, சூரியகாந்தி எண்ணெயில் நடுத்தரச் சூட்டில் தாளியுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு சட்டென்று சூடேறும், சின்னச் சட்டியில் சீரகம் நொடியில் கருகிவிடும். பரிமாறுவது அவர்கள் வரிசையிலேயே இருக்கட்டும்: முதலில் தயிரில் கலந்த வெள்ளரிக்காய், அது முடிந்ததும் சோறும் பருப்பும். பாலாடைக்கட்டியை அவர்களே எடுத்து வைப்பார்கள், இனிப்புக்கு, மாவுத் தட்டில் பழம் அடுக்கிச் சுட்ட தார்த் ஒன்றைக் கடையில் வாங்குங்கள்.

சமைக்க முடியவில்லை என்றால் உணவகத்துக்குக் கூட்டிப்போகலாம். "ழே வூஸாங்வீத்" என்றால் நான் அழைக்கிறேன் என்பதோடு பணம் நான் கொடுக்கிறேன் என்றும் பொருள், கையில் இருப்பதைப் பார்த்துச் சொல்லுங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் பெரும்பாலான சமையலறைகள் இயங்கும். இரண்டேகாலுக்குப் போனால் காப்பிதான் கிடைக்கும். குடுவைத் தண்ணீரும் ரொட்டியும் சாப்பாட்டோடு இலவசம். பில்லைக் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள், வாடிக்கையாளரைக் கிளப்புவது அநாகரிகம் என்று நினைப்பதால்.

வீட்டில் இரண்டொரு சின்ன விஷயம். கழிப்பறையும் குளியலறையும் பெரும்பாலும் தனித்தனி, எது வேண்டுமோ அதைக் கேளுங்கள். வெயில் நாளில் காலையிலேயே சன்னலின் வெளிக்கதவுகளை மூடிவிடுவார்கள், அறை இருட்டாக இருக்கிறதே என்று திறந்துவிடாதீர்கள், வீடு சூடாகிவிடும். சாப்பிட்டபின் தட்டுகளை எடுக்க எழுங்கள். "இரு, இரு" என்று ஒரு தடவை சொல்வார்கள், இரண்டாம் நாளிலிருந்து சொல்ல மாட்டார்கள். அப்போது நீங்கள் வீட்டு மனிதர் ஆகிவிட்டீர்கள்.

கிளம்பும் காலையில் படுக்கை விரிப்புகளை உருவி மடித்து எங்கே போடுவது என்று கேளுங்கள். ஊர் சேர்ந்த வாரத்திலேயே ஓர் அஞ்சலட்டை அனுப்புங்கள். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று பொதுவாக எழுதாமல், இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்ட அந்தத் தக்காளித் தார்த்தை, ஆகஸ்டு மாத மிராபெல் பழ ஜாமை, எது நாக்கில் நின்றதோ அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். செய்முறையையும் கேளுங்கள், அவர்கள் பதில் எழுதுவார்கள்.